ஷாப்பிங் வெறியும் சூதாட்டமும் ஒன்றா?

"ஷாப்பிங் வெறியும் சூதாட்டமும் ஒரே நோய்தான், உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் பட்டியல் போட்டிருக்கிறது" என்று குடியாத்தம் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அந்த நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான, 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் சூதாட்டம் அடிமைப்பழக்கப் பிரிவில் தனி நோயாக இருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் பொருள் வாங்குவது அந்தப் பிரிவில் இல்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் 'மற்றவை' என்பதன் கீழ் ஓர் உதாரணமாக வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5இல் அதற்குத் தனி இடமே கிடையாது.

அதற்காக உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கை கால் நடுங்கும் பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் மூளையில் ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போலவே வேலை செய்பவை. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, அதுவரை சீட்டுக்கட்டையே தொடாதவருக்குக்கூட, சூதாட்ட ஆசை வந்துவிடுகிறது. சிலருக்குக் கண்டதையும் வாங்கும் வெறி, சிலருக்கு இரண்டுமே. மருந்தளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். (டாக்டரைக் கேட்காமல் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.)

வித்தியாசமும் உண்டு. விட்ட காசைப் பிடிக்கத்தான் சூதாடுபவர் மறுபடி உட்காருகிறார். வாங்குபவருக்கு அந்தக் கணக்கு இல்லை. வாங்கும் நிமிடம்தான் சுகம், பஜாரில் எடுத்த புடவை பிரிக்காமலே பீரோவில் கிடக்கும். கடன் வாங்குவதும் பில்லை ஒளிப்பதும் மட்டும் இரண்டு வீட்டிலும் நடக்கும்.

அப்புறம், "வேலூரில் இதற்கெல்லாம் யார் இருக்கிறார்கள்" என்று ஒரு கேள்வி. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு போன் போடலாம், கட்டணம் கிடையாது.