முத்திரை குத்தாத கதவு

மகள் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய் வந்த நம் பக்கத்து அம்மாக்களின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். சிங்கப்பூர் முத்திரை இருக்காது. போனதற்கும் இல்லை, வந்ததற்கும் இல்லை. சாங்கி விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறக்கிறது, மனிதர் உள்ளே போகிறார், அவ்வளவுதான். 2024-இலிருந்து ஆறு வயது நிரம்பிய வெளிநாட்டுப் பயணிகளும் முன்பதிவு எதுவும் செய்யாமலே தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம் என்று அந்த நாடு வைத்துவிட்டது.

இந்தக் கதவுகள் வந்தது நல்லது. முழங்கால் வலியோடு நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர் மறுபடி வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதிகாரி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பதற்றமும் குறைகிறது. ஆனால் அதிகாரி குத்திக் கொடுத்த முத்திரையில் "இத்தனை நாள் வரை தங்கலாம்" என்ற தகவலும் சேர்ந்தே இருந்தது. முத்திரை போனபோது அந்தத் தகவல் தாளிலிருந்து இமெயிலுக்குப் போய்விட்டது. டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகளும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அந்த விசாத் தாளில் ஒரு காலாவதித் தேதி இருக்கும், சிலருக்கு இரண்டு வருடம்கூட இருக்கும். அந்தத் தேதிக்குள் நாட்டின் வாசலுக்கு வரலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். அதுவரை அங்கேயே இருக்கலாம் என்பது இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது உள்ளே நுழையும்போதுதான் முடிவாகிறது. பெரும்பாலும் 30 நாள் வரை கொடுக்கிறார்கள். அந்த விவரம் மின்னணு அனுமதிச் சீட்டாக இமெயிலுக்கு வரும். தங்கக்கூடிய கடைசி நாளும் அதில் தேதியாகவே இருக்கும். நாமாக நாள்களை எண்ணிக் கணக்குப் போட வேண்டியதில்லை, அந்தத் தேதியைப் பார்த்தால் போதும்.

சரி, அந்தச் சீட்டு யாருடைய இமெயிலுக்குப் போகிறது? பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையில் எந்த முகவரியைக் கொடுத்தோமோ, அதற்குத்தான். நம் ஊரில் அந்த அட்டையை ஏஜென்ட் நிரப்புகிறார். அம்மாவிடம் இமெயில் இல்லை என்பதால் தன் கடை முகவரியைப் போட்டுவிடுகிறார். சீட்டு அவருடைய பெட்டியில் நூறு மெயில்களோடு மெயிலாகக் கிடக்கும். அங்கே அம்மா, விசாத் தாளில் உள்ள தேதியை நம்பிப் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். கடைசி நாள் தாண்டியது வீட்டில் யாருக்கும் தெரியாது. திரும்பும்போது கதவு திறக்காமல் அதிகாரியிடம் அனுப்பும்போதுதான் விஷயம் வெளியே வரும். தவணை மீறித் தங்குவது அங்கே குற்றம். 90 நாளைத் தாண்டினால் சிறைத் தண்டனையும், ஆண்களுக்குப் பிரம்படியும் சட்டத்திலேயே இருக்கிறது. கூடுதல் நாள் வேண்டுமென்றால், இருக்கிற அனுமதி முடிவதற்குள் அந்நாட்டின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி முடிந்த பிறகு கேட்டால் அது வேறு கதை.

வருகை அட்டையை, வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியாவின் மின்னணு வருகை அட்டைக்கும் மூன்று நாள் கணக்குத்தான். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலித் தளம். சிங்கப்பூர் அரசுத் தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் எஸ்ஜி" என்று முடியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது அதிகம் தப்புவது பாஸ்போர்ட் எண். இந்திய பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். ஆகவே முதல் இடத்துக்குப் பிறகு வட்டமாக எது வந்தாலும் அது பூஜ்யம்தான், "ஓ" எழுத்து இல்லை. புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் எண்ணும் மாறும். பழைய எண்ணில் வாங்கிய விசா கையில் இருக்கிறதே என்று அப்படியே கிளம்பிவிடக் கூடாது.

இனிக் கதவுக்கு வருவோம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், கீழே அம்புக்குறி போன்ற குறிகளோடு இரண்டு வரி இருக்கும். வரிக்கு 44 எழுத்து. கண்ணாடியின் மேல் அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தால் கருவி முதலில் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. படித்ததைக் கருவி கணக்குப் போட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து பிசகினாலும் கணக்கு உதைக்கும், கதவு திறக்காது. இப்போது வரும் சிப் வைத்த பாஸ்போர்ட்டுக்கும் இந்த வரி முக்கியம். சிப்பைத் திறக்கும் சாவியையே இந்த மூன்று விவரத்திலிருந்துதான் கருவி உருவாக்கிக்கொள்கிறது. வரி படிக்கவில்லை என்றால் சிப்பும் பேசாது. அதனால் அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, குங்குமம் படக் கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்வதும் கூடாது. பெயர் பொறித்த ரெக்சின் உறை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் வரிசையில் நிற்கும்போதே கழற்றிவிடுங்கள். உறை இருந்தால் பக்கம் கண்ணாடியில் தட்டையாக உட்காராது. வைத்த பிறகு கருவி சொல்லும்வரை எடுக்கவும் கூடாது. "படிச்சிருக்கும்" என்று நாமே முடிவு செய்து பாதியில் தூக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் கதவு திறந்ததும் ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். இரண்டு பேர் நுழைந்தால் உணரி கண்டுபிடித்து நிறுத்திவிடும். கைப்பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தள்ளி வரும் பெட்டி கதவில் மாட்டும், சில சமயம் இன்னொரு ஆள் என்றும் கணக்காகும். பேரனைத் தூக்கிக்கொண்டு இதில் போகக் கூடாது, கைக்குழந்தையோடு இருப்பவர்கள் அதிகாரி இருக்கும் கவுன்டருக்குப் போக வேண்டும். உள்ளே போனதும் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். தரையையும் பார்க்க வேண்டாம், பக்கத்து வரிசையில் வரும் வீட்டுக்காரரையும் பார்க்க வேண்டாம். பளபளக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். தலைத்துணி போட்டிருப்பவர்கள் நெற்றியிலிருந்து மோவாய் வரை முகம் தெரியும்படி வைத்துக்கொண்டால் போதும். வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டுக் கிளம்பினாலும் பெரும்பாலும் தொந்தரவில்லை, ஏனென்றால் கருவி பார்ப்பது கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பை.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் அதிகம் வருவது விரல் ரேகையில். நடவும் களை பறிப்பும் செய்த கை, கீற்று முடைந்த கை, சிமென்ட் குழைத்த கொத்தனார் கை, இவற்றில் ரேகை தேய்ந்திருக்கும். வயதானால் தோலும் வறண்டுவிடும். ரேகையின் மேடும் பள்ளமும் தெரியாவிட்டால் கருவிக்குப் படிக்க ஒன்றுமில்லை. மேலாகத் தேய்ந்த ரேகை, வேலையை விட்டுச் சில வாரம் இருந்தால் திரும்பத் தெளிவாகும். பயணத்துக்கு முந்தைய நாள்களில் தேங்காயெண்ணெய் தடவி வாருங்கள். கதவருகே போகுமுன் விரலை ஒரு தடவை நெற்றியில் தேய்த்துக்கொண்டால் இருக்கிற எண்ணெய்ப் பசை ஒட்டி, ரேகை கொஞ்சம் தெளிவாக விழும். சொட்டச் சொட்ட ஈரமான விரலும் ஆகாது. வளைகாப்புக்கு விரல் நுனியில் தொப்பியாக வைத்த மருதாணி அடர்த்தியாக இருக்கும்போது சில கருவிகள் தடுமாறும். உள்ளங்கையில் மட்டும் வைத்துக்கொள்ளலாமே.

இவ்வளவு செய்தும் கதவு திறக்கவில்லையா, பயப்பட ஒன்றும் இல்லை. கதவைத் தள்ள வேண்டாம், திரும்பி ஓடவும் வேண்டாம். அங்கேயே நின்றால் ஊழியர் வந்து கவுன்டருக்கு அனுப்புவார். பெரும்பாலும் கருவியால் அடையாளம் காண முடியவில்லை என்பதுதான் அதன் பொருள், நம் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். சொல்லாமல் அனுப்பினால் அந்த இடத்தில் பெரியவர்கள் அழுதேவிடுகிறார்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் போட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் டெல்டாவில் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்போம் என்று தளர்த்தியது. அடுத்த முறை தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் புதுப்பிக்கப் போகும்போது தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆனால் விசா, டிக்கெட், வருகை அட்டை எல்லாவற்றிலும் அதன் பிறகு அதே பெயர்தான் வர வேண்டும்.

காரைக்கால் குடும்பங்களுக்கு ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் (பிரான்ஸ் உட்பட, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவுக்கு மாறத் தொடங்கின. 2026 ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைகளிலும் முழுமையாக மாறுவது என்று திட்டமிட்டார்கள். எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்தான் தங்கலாம் என்ற பழைய விதியில் மாற்றம் இல்லை. முன்பு முத்திரையைப் பார்த்து அதிகாரி எண்ணினார், இப்போது கணினி எண்ணுகிறது, ஒரு நாள் கூடினாலும் அதற்குத் தெரிந்துவிடும். பாரிஸில் இருக்கும் மகனைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர்கள் போகும் தேதி, வரும் தேதி இரண்டையும் வீட்டு நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

திருச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கிய நம்பகப் பயணியர் திட்டத்தின் தானியங்கிக் கதவு 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் சேரலாம், கட்டணம் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பின் விரல் ரேகையும் முகப் படமும் கொடுக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம் அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வருகிறவர்கள் தாராளமாகச் சேரலாம்.

ஆனால் சிங்கப்பூர், மலேசிய, பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் வரும் நம் உறவுகளுக்கு, ஓசிஐ இல்லாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டுப் பயணிகளை இரண்டாம் கட்டத்தில் சேர்ப்போம் என்று அரசு சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாம் கட்டம் திருச்சிக்குச் சீக்கிரம் வர வேண்டும். நம் அம்மாவுக்குச் சாங்கியில் கதவு திறக்கும்போது, அங்கே பிறந்த பேரன் திருச்சியில் நீள வரிசையில் நிற்பது நியாயமாகப் படவில்லை. கதவு எத்தனை வந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும் கவுன்டர் ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். ரேகை தேய்ந்தவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஓர் ஊழியரும் வேண்டும்.

ஏஜென்ட் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகை அட்டையில் உங்கள் கடை முகவரியைப் போடாதீர்கள். அம்மாவுக்கு இமெயில் இல்லையென்றால் அவர் யார் வீட்டில் தங்கப் போகிறாரோ அந்த மகள் அல்லது மருமகனின் முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சீட்டு வந்த அன்றே அந்தக் கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா தினமும் பார்க்கும் இடத்தில், சமையலறைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.