ஹரிஷ்... ஹரிஷ்!

(அயர்லாந்தின் மேற்கே மேயோ. கால் சுளுக்கிய பிரிஜித் பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். டப்ளினிலிருந்து வந்த பேரன் ஷான் கையில் வாளி.)

ஷான்: பாட்டி, அரைமணி நேரமா 'கோழி, கோழி'ன்னு கத்துறேன். ஒண்ணும் திரும்பிக்கூடப் பாக்கல!

பாட்டி: தான் கோழின்னு அதுக்குத் தெரியுமாடா? நம்ம ஐரிஷ்லயும் கோழிக்குப் பேரு 'கியார்க்'தான். அதைச் சொல்லியா கூப்பிடுறோம்? 'ட்யூக் ட்யூக் ட்யூக்'னு வேகமா சொல்லு. சொல்லிக்கிட்டே ஒரு பிடி தீனி போடு.

ஷான்: ட்யூக் ட்யூக்... ஐயோ, பன்னி வருது!

பாட்டி: அது உன் குரலுக்கு வரல, வாளிச் சத்தத்துக்கு வருது. வேகவச்ச உருளைக்கிழங்கு மணம் வேற. பன்னியைக் கூப்பிடணும்னா 'ஹரிஷ், ஹரிஷ்'.

(ஹரிஷ் என்ற பெயருள்ள வாசகர்கள் பொறுத்தருள்க. அங்கே அப்படித்தான்.)

ஷான்: சரி, இதைத் திரும்ப எப்படி ஓட்டுறது? முன்னாடி இழுத்தா பின்னாடி போகுதே.

பாட்டி: பின்னங்கால்ல கயிறு கட்டிப் பின்னாடி இழு, முன்னாடி போகும். உன் தாத்தாவும் இதே ரகம்தான்.

ஷான்: பெரிய வாத்துக்கு?

பாட்டி: 'பியாடி பியாடி'. கன்னுக்குட்டிக்கு 'சக் சக்'. அந்தப் பால் வாளியை எடு. கன்னு உடம்புச் சூடு இருக்கணும், சுமார் 38 டிகிரி. ஆறின பால் குடுத்தா கழிச்சல் வரலாம்.

ஷான்: சக் சக்... வாளியை மோந்து பாத்துட்டு என் சட்டையைச் சப்புது பாட்டி!

பாட்டி: மடியை மேல தேடிப் பழகினது, கீழ குனியத் தெரியாது. ரெண்டு விரலைப் பால்ல நனைச்சு வாயில வை. சப்பினதும் கையை மெதுவா வாளிக்குள்ள இறக்கு. மூக்கு முழுகக் கூடாது. பால் உறிஞ்சறது தெரிஞ்சதும் விரலை ஒண்ணொண்ணா உருவு.

ஷான்: குடிக்குது! பாட்டி, குடிக்கு... ஆ!

பாட்டி: முட்டிருச்சா? பால் சுரக்கட்டும்னு மடியை முட்டுற பழக்கம்டா அது. வாளியை முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிக்கலையா?

ஷான்: நீ சொல்லவே இல்லையே! பாலெல்லாம் கொட்டிருச்சு. கிழங்கையும் பன்னி முடிச்சிருச்சு. இப்ப ட்யூக், ஹரிஷ், பியாடி எல்லாம் என்னைச் சுத்தி நிக்குது.

பாட்டி: வெறும் வாளியோட நிக்காதே. ஒரு தடவை ஏமாத்தினா, நாளைக்கு நீ தொண்டை கிழியக் கத்தினாலும் வராது. உன் பையில பிஸ்கட் இருக்கில்ல?

ஷான்: அது பஸ்ல சாப்பிட வச்சிருக்கேன் பாட்டி!

பாட்டி: ட்யூக் ட்யூக் ட்யூக்...