எங்கள் அம்மாவின் குரலும் ஓங்கலின் குரலும்

"வட சென்னைக்காரங்க ஏன் இப்படிக் கத்திப் பேசுறீங்க?" வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர் என்னிடம் கேட்டது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனாலும் தைத்தது. எங்கள் வீடு திருவொற்றியூரில், லாரிகள் போகும் சாலையை ஒட்டியது. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறித்தான் கூப்பிட வேண்டும். முப்பது வருஷம் அப்படிக் கூப்பிட்ட குரல், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அமைதியான ஹாலில் உட்கார்ந்தாலும் இறங்குவதில்லை. நான் படித்த பள்ளியில் டிரெய்லர் வரும்போது டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். போனதும் தொடர்வார். சில நாள் எங்கே விட்டார் என்பதே போய்விடும்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. லொம்பார்ட் விளைவு. எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911ல் சொன்னது: சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்கே தெரியாமல் குரலைத் தூக்கிவிடுகிறோம். அதே விளைவு திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் இருக்கிறது என்று படித்த அன்றுதான் சித்தப்பாவோடு கடலுக்குப் போன ஒரு ராத்திரி எனக்குத் திரும்ப வந்தது.

சித்தப்பாவுடையது ஃபைபர் போட்டு. வலை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்தியிருந்தார். தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. காற்றே இல்லை, எவ்வளவு அமைதி என்று நான் சொன்னதற்கு அவர், "அமைதியா? கீழ படுத்துக் காத வச்சுப் பாருடா" என்றார். படுத்தேன். போட்டின் அடித்தட்டில் காது படிந்ததும் கேட்டது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் சுவர் வழியாக வருமே, அந்த மாதிரி ஒரு உறுமல். விட்டு விட்டு இல்லை, நிற்காமல். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலிலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "ராத்திரி பகல் இதான். ஓங்கலுக்கெல்லாம் காது வலிக்காதா" என்றார். எங்கள் பக்கம் டால்பினை ஓங்கல் என்றுதான் சொல்வோம்.

தண்ணீருக்குள் கண்ணை நம்பி வாழ முடியாது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒலியோ காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது என்றால் கடல்நீரில் 1,500 மீட்டர் போகிறது. அதனால் குட்டியைக் கூப்பிடுவது, துணையைத் தேடுவது, ஓங்கலாக இருந்தால் இரை பிடிப்பது எல்லாமே ஒலியால்தான். கப்பல் புரொப்பல்லர் சுற்றும்போது லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் உண்டாகி உடைகின்றன, பெரிய கப்பலின் சத்தத்தில் பெரும்பங்கு அதுதான். அதோடு இன்ஜின் அதிர்வும் சேர்ந்து கீழ்ஸ்தாயியில் ஒலிக்கிறது, பெரிய திமிங்கிலங்கள் பேசுவதும் அதே கீழ்ஸ்தாயியில்.

அவை என்ன செய்கின்றன? அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர்கா என்கிற கொலைத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவுசெய்து 2009ல் வெளியிட்டார்கள்: பின்னணிச் சத்தம் ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏறினால் அவையும் சுமார் ஒரு டெசிபல் ஏற்றுகின்றன. அப்படியே எங்கள் அம்மா. வட அட்லாண்டிக்கில் ரைட் என்ற வகைத் திமிங்கிலங்கள் ஐம்பது வருஷத்தில் கூப்பிடும் சுருதியையே மேலே தூக்கிவிட்டன. ஜப்பானின் ஒகசவாரா தீவுப் பக்கம், கப்பல் கிட்டே வந்தபோது கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பாடுவதைக் குறைத்தன, சில நிறுத்தியே விட்டன, கப்பல் போய் அரைமணி நேரமாவது ஆன பிறகுதான் மறுபடி ஆரம்பித்தன. இதைப் படித்தபோது எனக்கு அந்த டீச்சர் முகம்தான் வந்தது.

"பாருங்க, அதுங்க சமாளிச்சுக்குது, பழகிடுச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் "பழகிடுச்சு" என்ற வார்த்தை மேல்தான் எனக்குக் கோபம். எங்களைப் பார்த்தும் இதைத்தான் சொல்வார்கள்: வட சென்னைக்காரங்களுக்குப் புகை பழகிடுச்சு, லாரி பழகிடுச்சு, எண்ணெய்க் கசிவு கூடப் பழகிடுச்சு. குரலைத் தூக்குவது பழகியதற்கு அடையாளம் இல்லை, இடைஞ்சல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்கு உடம்பில் விலை உண்டு. டால்பின் சத்தமாகக் கூப்பிடும்போது கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிற பிராணிக்கு அது சின்ன விஷயமா?

கத்தினாலும் வேலை நடப்பதில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. டெல்டா, ரீஸ் என்று இரண்டு டால்பின்கள். தண்ணீருக்குள் ஆளுக்கொரு பொத்தானை ஒரே நேரத்தில், ஒரு நொடிக்குள் இரண்டும் அழுத்த வேண்டும். அதற்குப் பேசிக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவை இன்னும் பலமாக, இன்னும் நீளமாகச் சீட்டியடித்தன, ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொண்டன. அப்படியும் 85 சதவீதம் வெற்றி என்பது 62.5க்கு இறங்கிவிட்டது. 2023ல் வந்த ஆய்வு இது. பெரிய திமிங்கிலங்களுக்குக் கத்துவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அவற்றின் குரல்வளை 300 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 300 அதிர்வு வரைக்கும், சுமார் 100 மீட்டர் ஆழம் வரைக்கும்தான் வேலை செய்யும் என்று 2024ல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கப்பல் சத்தம் நிறைந்து கிடப்பதும் சரியாக அங்கேதான். தப்பிக்க இடமே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் காற்றடித்தால் குரலை ஏற்றுகின்றன, படகுச் சத்தத்துக்கு அப்படி ஏற்றவில்லை. காற்றை அவற்றுக்குக் காலங்காலமாகத் தெரியும். இன்ஜின் நேற்று வந்தது.

அமெரிக்காவில் நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கடலடிச் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அந்த வருஷங்களில் ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணத்துக்காக ரைட் திமிங்கிலங்களின் மிதக்கும் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள், படகில் மோப்ப நாயை ஏற்றிக்கொண்டு. பின்னால் எடுத்துப் பார்த்தால் அந்தச் சில நாட்களில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. நான் இந்த ஒரு விஷயத்தைப் பல தடவை படித்துவிட்டேன். அதுவரை அந்தப் பிராணிகள் எவ்வளவு இறுக்கத்தில் இருந்திருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது.

எண்ணெய் கொட்டினால் வாளியால் அள்ள வேண்டும், 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதியபோது அள்ளியதைப் பார்த்தவர்கள் நாம். சத்தம் அப்படி இல்லை. குறைத்த நிமிஷமே குறைந்துவிடும். கனடாவில் வான்கூவர் துறைமுகம் 2017லிருந்து ஓர்காக்கள் வரும் பருவத்தில் கப்பல்களை மெதுவாகப் போகச் சொல்கிறது, சத்தம் குறைவான கப்பலுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் தருகிறது. கட்டாயம் இல்லை, ஆனாலும் பெரும்பாலான கப்பல்கள் கேட்கின்றன. நம் கரையில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று கொஞ்ச தூரத்துக்குள் மூன்று துறைமுகம். கடலடிச் சத்தத்தை அளக்கிற கருவியும் ஆட்களும் பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறார்கள். டால்பினும் திமிங்கிலமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து இருக்கின்றன. அப்புறம் என்ன தடை?

வருஷா வருஷம் ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டு விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டுக் கிடக்கும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் இரண்டு மாத வருமானத்தை விடுகிறார்கள். கப்பல்காரரை யாரும் நிற்கச் சொல்லவில்லை, நங்கூரமிடும் இடத்துக்கு வரும்போது வேகத்தைக் குறைக்கச் சொன்னால் போதும். எங்கள் பக்கம் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் இதை எழுதி எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.