கருணை அடிப்படையில் ஒரு மெர்ச்சண்டைசர்

(திருப்பூர், கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை.)

பொண்ணு: அண்ணா, வேலைக்கு அனுப்பறதுக்கு அடிக்கச் சொன்னேனே, இது என்னோட லெட்டர் இல்லீங்.

கடைக்காரர்: உன்னோடதுதான் அம்மிணி, மேல பேரு போட்டிருக்குது பாரு.

பொண்ணு: பேரு மட்டும் என்னுதுங். அதுக்குக் கீழ ரெண்டாம் கிளாஸ் பாய்லர் சர்டிபிகேட் இருக்குது, டையிங்ல 19 வருசம் அனுபவம்னு இருக்குது. எனக்கு வயசே 22ங்ண்ணா.

கடைக்காரர்: அட, அது முந்தி வந்த ஆளோடது. அவரு ஃபைலத் தொறந்து அதுமேலயே அடிச்சுட்டேன். எடுத்துர்றேன் இரு. அவருக்கு உடனே வேலை கெடச்சுருச்சு தெரியுமா?

பொண்ணு: பாய்லர் ஓட்டத் தெரியுமுங், கெடச்சிருக்கும்.

கடைக்காரர்: ஃபார்மட்டும் ஒரு காரணம்.

பொண்ணு: சரிங், இந்த ரெண்டாவது பாரா என்னங்? ‘காம்பஷனேட் கிரவுண்ட்ல வேலை போட்டுத் தரும்படி கேட்டுக்கறேன்’னு போட்டிருக்கீங்க?

கடைக்காரர்: கருணை அடிப்படைல. நல்ல வார்த்தை, மனசுல போயி நிக்கும்.

பொண்ணு: அது கவர்மெண்ட் வேலைல இருக்கறவங்க எறந்துபோனா வாரிசுக்குக் குடுக்கறதுங். எங்கப்பா வெளிய வண்டில உக்காந்திருக்காருங்.

கடைக்காரர்: அப்பா வந்திருக்காரா? உள்ள வரச்சொல்றது, வெயில்ல எதுக்கு?

பொண்ணு: அவரு உசுரோட இருக்காருங்கறதத்தான் சொல்ல வந்தேனுங்.

கடைக்காரர்: இத பாரு கண்ணு, திங்கக்கெழம ஆச்சுன்னா எதுத்தாப்புல குறைதீர்க்கும் நாளு, வெடியக்காலமே ஆளுங்க வந்து நிப்பாங்க, பட்டா மாறுதல், முதியோர் பென்சன், வண்டிப்பாதை தகராறுன்னு அத்தனைக்கும் நாந்தான் மனு அடிக்கறேன், படிக்கறப்பவே அதிகாரிக்குத் தொண்டை அடைக்கோணும், அப்பத்தான் பேனாவ எடுப்பாரு. அந்தக் கை இது.

பொண்ணு: இவங்க கலெக்டர் இல்லீங்ண்ணா, பனியன் கம்பெனி. மனு வாங்கறவரு நம்ம கஷ்டம் என்னன்னு பாப்பாரு. கம்பெனிக்காரங்க அவங்க கஷ்டத்துக்கு நாம என்ன பண்ணுவோம்னு பாப்பாங்க.

கடைக்காரர்: கார் வெச்சிருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்?

பொண்ணு: கலர் ஒத்துவரலைன்னு சரக்கு வாங்கற பையர் லேப் டிப்ப, அதான் சாயம் போட்ட சாம்பிள் துணிய, திருப்பித் திருப்பி அனுப்புவாங்க, இங்க டையிங்ல கேட்டா நாளைக்கு நாளைக்கும்பாங்க, அதுக்குள்ள கப்பல் தேதி போயிருச்சுன்னா சரக்க ஏர்ல அனுப்போணும், அந்தக் காசு கம்பெனி தலைல விழுகும். இதையெல்லாம் தொரத்திட்டே திரியறதுதானுங்ண்ணா மெர்ச்சண்டைசர் வேலை. லெட்டர்ல நான் சொல்லவேண்டியது, எனக்குத் தொரத்தத் தெரியும்ங்கறது மட்டும்தான்.

கடைக்காரர்: அதத்தான் நான் ‘ஹார்ட் வொர்க்கிங், பங்ச்சுவல், டைனமிக்’னு அடிச்சிருக்கறேன்.

பொண்ணு: அத அழிச்சுட்டு இத அடிங்க. இன்டர்ன்ஷிப் போனப்ப டெக் பேக்ல, அதான் பையர் குடுத்த வெவரக் குறிப்புல, துணி 180 ஜிஎஸ்எம், சதுர மீட்டருக்கு 180 கிராம்னு இருந்துது, வந்த ரோலுல கட்டர் வெச்சு வட்டமா வெட்டித் தராசுல போட்டேன், 1.65 கிராம். அந்த வட்டம் சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, நூறால பெருக்குனா 165. பையர் கூடக்கொறைய இருக்கலாம்னு விட்டது அஞ்சு பர்சென்ட்தான். கட்டிங்குக்குப் போறதுக்கு முன்னால மாஸ்டர்கிட்டச் சொல்லி ரோல நிறுத்துனோம். அவ்வளவுதானுங், நாலு வரி.

கடைக்காரர்: இது தற்பெருமை ஆயிராதா?

பொண்ணு: அப்ப ‘டைனமிக்’?

கடைக்காரர்: அது எல்லாரும் போடறது, பெருமைல சேராது.

(ஆதார் ஜெராக்ஸுக்கு ரெண்டு ரூபாய வெச்சுகிட்டு பின்னாடி நின்ன நான் இந்த எடத்துல சிரிச்சுட்டேன், அவரு என்னைய ஒரு முறை முறைச்சாரு.)

கடைக்காரர்: சரி அடிச்சாச்சு. கீழ டிக்ளரேஷன் போட்டுறட்டுமா?

பொண்ணு: எதுக்குங்?

கடைக்காரர்: மேல சொன்னது அத்தனையும் நான் அறிஞ்ச வரைக்கும் உண்மைன்னு. எடம், தேதி, கையெழுத்து.

பொண்ணு: சித்த முந்தி பாய்லர் சர்டிபிகேட்டோட சேத்து இதுவும் இருந்துது பாருங்க, நான் கவனிக்கலைன்னா அதுவும் உண்மையா போயிருக்கும்.

கடைக்காரர்: அதில்லாம அனுப்புனா லெட்டர் மொட்டையா நிக்கும் அம்மிணி.

பொண்ணு: நிக்கட்டுமுங். அப்பறம் கம்பெனி பேரு எங்கியுமே காணோம்? ‘யுவர் எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்’னுதான் இருக்குது.

கடைக்காரர்: பேரு போட்டா ஒரு கம்பெனிக்குத்தான் ஆகும். போடலைன்னா இதையே பத்து எடத்துக்கு அனுப்பலாமில்ல?

பொண்ணு: பேரே எழுதாம ஒருத்தரு உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை குடுத்தா நீங்க போவீங்ளா?

கடைக்காரர்: ஞாயித்துக்கெழமயா இருந்தா போவேன்.

பொண்ணு: ...பேரப் போடுங்கண்ணா.

கடைக்காரர்: போட்டாச்சு. அப்பா பேரு? மதம்? கல்யாணம் ஆச்சா?

பொண்ணு: ஜிஎஸ்எம் பாக்கறதுக்கு எதுக்குங் கல்யாணம்?

கடைக்காரர்: ஹாபியாச்சும் போட்டுக்கலாம். கார்டனிங்?

பொண்ணு: எங்கூட்ல ஒரு தொளசிச் செடிகூட இல்லீங்.

கடைக்காரர்: யாரு வந்து பாக்கப்போறாங்க? அதுதான் கீழ டிக்ளரேஷன் போட்டுருவோமில்ல.

பொண்ணு: அண்ணா!

கடைக்காரர்: சரி சரி. இத்தன ரோசனை பண்றவ சாட்ஜிபிடில போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாமில்ல? இப்ப வர்ற பசங்க எல்லாரும் போன்லயே கொண்டு வர்றாங்க, நான் வெறும் பிரிண்டுதான் போடறேன், எனக்கும் பொழப்புக் கெட்டுது.

பொண்ணு: எங்க கிளாஸ்ல பாதிப்பேரு அதுல போட்டாங்க, அத்தன லெட்டருலயும் ‘உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை என்னைக் கவர்ந்தது’ங்கற மாதிரியே ஒரே வரி. அதுக்கு உங்க பாய்லர் லெட்டரே தேவலைங், அதுலயாச்சும் ஒரு ஆளு இருந்தாரு.

கடைக்காரர்: பாத்தியா, நம்ம ஃபார்மட்டு. அது இருக்கட்டும், சம்பளம் எவ்வளவாம்?

பொண்ணு: போடலீங். ‘தகுதிக்கேற்ப’.

கடைக்காரர்: நம்மகிட்ட மட்டும் நாலு வரி வெவரமா வேணுமா?

பொண்ணு: வெளம்பரத்துல கவர் லெட்டர் கட்டாயம், எங்க கம்பெனில வேலை செய்ய ஏன் ஆசைப்படறீங்கன்னு எழுதோணும்னு போட்டிருக்காங்கண்ணா. என்ன சம்பளம்னு அவங்க சொல்ல மாட்டாங்க, எத்தன மணிக்கு ஊட்டுக்கு விடுவாங்கன்னு சொல்ல மாட்டாங்க, ஷிப்மெண்ட் சமயத்துல ராத்திரி பத்தாகும் பதினொன்னாகும் அதையும் சொல்ல மாட்டாங்க, ஆனா நான் மட்டும் மொகம் தெரியாத கம்பெனி மேல உசுரையே வெச்சிருக்கற மாதிரி எழுதோணும்.

கடைக்காரர்: எழுதிட்டியா?

பொண்ணு: எங்கூட்ல இருந்து ஒரே பஸ்சு, நேரத்துக்கு வந்துருவேன்னு எழுதிருக்கறேனுங். அவங்க பண்ற கொழந்தைங்க துணிலதான் நான் இன்டர்ன்ஷிப் பண்ணுனேன்னு ஒரு வரி. ரெண்டும் நெசம்.

கடைக்காரர்: அப்ப கம்பெனி மேல பேஷன், அந்த ஆசை?

பொண்ணு: சம்பளத்தச் சொன்னா வருமுங்.

(மெயில் போச்சு. பிரிண்டுக்குக் காசு குடுத்துட்டு இருக்கறப்பவே அந்தப் பொண்ணு போன் டிங்குன்னுது.)

கடைக்காரர்: அதுக்குள்ள பதிலா! பரவால்லையே, ஜிஎஸ்எம் வேலை செஞ்சுருச்சு. என்னன்னு படி.

பொண்ணு: ‘டியர் கேண்டிடேட் நேம், எங்கள் கம்பெனி நேம் மீது நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி’ன்னு வந்திருக்குதுங்.

கடைக்காரர்: பேரு?

பொண்ணு: பேரு போடற எடத்துல ‘நேம்’னே விட்டுட்டாங்க. என் பேரும் இல்ல, அவங்க பேரும் இல்ல. அவங்களும் நம்ம கடைலதான் டைப் அடிக்கறாங்க போலீங்ண்ணா.

கடைக்காரர்: எங்க, காட்டு... ம்ஹூம். இது நம்ம ஃபார்மட் இல்ல அம்மிணி. கீழ டிக்ளரேஷன் காணோம்.