கிட்ஹப் பேஜஸ்னா ஜெக்கில் மட்டும்தானா?

மேல ஒருத்தர், கிட்ஹப் பேஜஸ்ல (கிட்ஹப்ல வச்சிருக்கிற ஃபைலை வெப்சைட்டா காட்டுற வசதி) ஜெக்கில்ல (சைட் பக்கங்களை உருவாக்கிக் குடுக்கிற ஒரு டூல்) பண்ணின சைட் மட்டும்தான் ஓடும், ஹியூகோ, ஆஸ்ட்ரோ மாதிரி மத்த டூல் எல்லாம் வேணும்னா காசு கட்டி வேற ஹோஸ்டிங் போகணும்னு போட்டிருக்காரு, அதையே நாலு பேர் ஷேர் வேற பண்ணிட்டாங்க. அப்படி இல்லைங்க. ஜெக்கில் அதுலயே கூட வர்றதால ஜெக்கில் சைட்டை அதுவே பில்ட் பண்ணிக் குடுக்குது (அதாவது ரெடி பக்கமா மாத்திக் குடுக்குது), அவ்ளோதான். மத்தபடி ரெடியா இருக்கிற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எது போட்டாலும் காட்டும், எந்த டூல்ல செஞ்சதுன்னு அதுக்கு அக்கறையே இல்ல.

குழப்பம் எங்க வருதுன்னா, அண்டர்ஸ்கோர்ல ( _ ) பேர் ஆரம்பிக்கிற ஃபோல்டரை ஜெக்கில் கண்டுக்காம விட்டுடும், ஆஸ்ட்ரோவோட சிஎஸ்எஸ் அப்படி ஒரு ஃபோல்டர்லதான் போய் உக்காரும், அதனால பக்கம் டிசைனே இல்லாம மொட்டையா வரும். ரூட்ல, அதாவது எல்லாத்துக்கும் வெளிய இருக்கிற ஃபோல்டர்ல, புள்ளி வச்சு 'நோஜெக்கில்'னு (.nojekyll) ஒரு காலி ஃபைல் போட்டா சரியாயிடும் (உள்ள ஒரு எழுத்துகூட வேணாம்).

செக் பண்ணணும்னா கிட்ஹப்ல புதுசா ஒரு பப்ளிக் ரெப்போ (ஃபைலெல்லாம் வைக்கிற இடம்) தொறந்து கையால எழுதின ஒரு இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல், கூட அந்தக் காலி ஃபைல், ரெண்டையும் போட்டு செட்டிங்ஸ்ல பேஜஸ் போய் மெயின் பிராஞ்சை செலக்ட் பண்ணி சேவ் குடுங்க, கொஞ்ச நேரத்துல பக்கம் வந்துடும். அங்கயே சோர்ஸ் டிராப்டவுன்ல கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்னு இன்னொரு ஆப்ஷன் (வேலைகளை கிட்ஹப்லயே தானா ஓட்டுற வசதி) இருக்கும், 2022ல வந்தது, ஹியூகோ பில்டையே அதுல ஓட்டிக்கலாம்.