சக்கியம்மாள் யாரு?

இன்று காலை இ-சேவை மையத்தில் அந்தப் பெண் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்: "அக்கா, சக்கியம்மாள் யாரு?" தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. "அப்போ இந்தப் பிள்ளைக்கு அம்மா யாரு?" என்கிறாள். 43 நாள் பிள்ளை மடியில் கிடக்கிறது, தோளில் கக்கின பால் இன்னும் காயவில்லை, கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர்: இ. சக்கியம்மாள். என் பெயர் இசக்கியம்மாள். எங்கள் பக்கம் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி நின்று "ஏ இசக்கி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் டிரைவரும் சேர்ந்து நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குளத்தங்கரை தோறும் கையில் பிள்ளையோடு நிற்கிறாளே இசக்கியம்மன், அவள் பெயர். அதைத்தான் நடுவில் வெட்டி, ஒரு துண்டை இனிஷியலாக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷிலும் அதே புள்ளி, அதே இடைவெளி.

தகப்பனார் பெயர் மட்டும் கால், கொம்பு, இனிஷியல் என்று ஒன்றும் பிசகாமல் அச்சு மாதிரி நிற்கிறது. அவர் அன்று ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்.

இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி ஒன்றரை மணி. திருநெல்வேலி டவுனிலிருந்து ஈரடுக்குப் பாலம், ஆற்றுப்பாலம் என்று ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கி (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், தடுப்பூசிக்குத் திரும்ப அங்கேதான் போக வேண்டும்), லேபர் வார்டு வாசலில் ஒரு மேஜை. மேஜையில் நோட்டு, நூலில் கட்டின பேனா, டீ கிளாஸ் வைத்த ஈர வட்டம். அந்த வட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், ஏனென்றால் வலி வந்தபோதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். உட்கார ஸ்டூல் கிடையாது. ஸ்டூலில் சிஸ்டரின் ஹேண்ட்பேக் இருந்தது.

"பேர் சொல்லும்மா."

"இ..." என்றேன். வந்துட்டு. இடுப்பில் ஆரம்பித்து முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து பிடித்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த டீ வட்டத்தையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், எதையோ எழுதிவிட்டுக் காத்திருந்தார். வலி விட்டதும் மிச்சத்தைச் சொன்னேன்: "...சக்கியம்மாள்." "ம்" என்று அதையும் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நான் மூச்சுவிட முடியாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம்தான் அரசாங்கச் சான்றிதழில் புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வயசு கேட்டபோது புத்தி வந்து "இருபத்தேழு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் எனக்கு இருபது என்று எழுதி, மிச்சம் ஏழு என்பதைப் பிள்ளையின் எடையில் சேர்த்திருப்பார்கள்.

அப்புறம் பிக்மி நம்பர், கர்ப்பத்தைப் பதிவு பண்ணினபோது அரசாங்கம் கொடுத்தது. அது இல்லாவிட்டால் பிள்ளை பிறந்ததாகவே கணக்கில் வராதே. பன்னிரண்டு எண். ஏழாவது எண் சொல்லும்போது அடுத்த வலி. "கத்தாதம்மா, உள்ள ஆள் தூங்குதாங்க" என்றார். லேபர் வார்டில் தூங்குகிற அந்தப் புண்ணியவதியை ஒரு தரம் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று இன்னும் எனக்கு ஆசை.

இத்தனைக்கும் நான் கொண்டுபோன ஃபைலில் ஆதார் ஜெராக்ஸ் மூன்று காப்பி இருந்தது. மாசாமாசம் அவர்களே முத்திரை குத்தின சீட்டில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டில், ரத்தப் பரிசோதனைச் சீட்டில், அட்வான்ஸ் கட்டின ரசீதில், எல்லாவற்றிலும் இசக்கியம்மாள்தான். அந்த ஃபைல் அவர் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். அதை விட்டுவிட்டு, வலியில் நிற்கிறவளிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதுவார்களாம். நைட் டூட்டி, பாவம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வராதீர்கள். எனக்கும் அன்று நைட் டூட்டிதான்.

அம்மாவை உள்ளே விட்டிருந்தால் ஒரே மூச்சில் பெயர், ஊர், குலதெய்வம் வரைக்கும் ஒப்பித்திருப்பாள். பிரசவத்தின்போது பிள்ளை பெறுகிறவள் விரும்புகிற ஒரு ஆள் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே எழுதி வைத்திருக்கிறது. இங்கே "அட்டெண்டர்லாம் வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "எம்மா, மூச்ச இழுத்து விடு" என்று கத்திக்கொண்டிருந்தாள். தூங்குகிறவர்கள் விஷயம் அவளுக்குத் தெரியாது.

பிள்ளை பிறந்தது காலை 5.40-க்கு. நார்மல். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான், பிள்ளை எப்படி இருக்கிறது என்று அப்புறம்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன்தான் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆக இதில் எது நார்மல் என்று எனக்குப் புரியவில்லை. தையல் போட்ட இடத்தில் உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு உளுந்தங்களி தின்றேனே, அதற்குப் பெயர் நார்மலாம். சரி, அது தனிக் கதை.

இப்போது திருத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினால், "நாங்க அப்பவே அனுப்பியாச்சு மேடம், இனி பதிவு பண்ற ஆபீஸ்லதான்." வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஆபீஸுக்குப் போனால், "அவங்க அனுப்புனதைத்தான் நாங்க ஏத்தியிருக்கோம், ஆஸ்பத்திரி லெட்டர் வாங்கிட்டு வாங்க." திரும்பப் போன் பண்ணினால், லெட்டர் கொடுக்கிறவர் லீவாம். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பதிவில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். லீவு முடிந்து அவர் எப்போது வருவார் என்று அதில் போடவில்லை.

"ஒரு புள்ளிதானே, விடேன்" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவர் பெயர் சரியாக இருக்கிறது. 2023 அக்டோபர் 1-லிருந்து பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டு என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு தாள்தான். போகிற இடமெல்லாம் என் மகள் சக்கியம்மாளின் மகளாகப் போய் நிற்பாள், நான் கூட வந்த வேலைக்காரி மாதிரி ஆதாரை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆச்சி வேறு, விஷயம் தெரிந்ததிலிருந்து "சக்கி, பிள்ளை அழுது பாரு" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். பல் இல்லாத வாயை வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே.

சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஆஸ்பத்திரியிலிருந்து போன், வேறே குரல். "சக்கியம்மாள் மேடம்ங்களா? பேபிக்கு ஒன்றரை மாச ஊசி டியூ வந்துட்டு."

"அவங்க வெளிய போயிருக்காங்க" என்றேன்.

"நீங்க யாரு பேசுறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சிரித்தேன், தையல் இன்னும் சுருக்கென்று இழுக்கிறது.

அப்புறம், அன்று காலை வார்டில் ஜன்னலோரம் வைத்த எங்கள் அம்மாவின் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனது யார்? சிவப்பு, பிடியில் நூல் சுற்றியிருக்கும். அதன் மூடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடி இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?