அடி வாங்கித்தானே ஆளானோம்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று சித்தப்பா எழுதியிருந்தார்: "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். நாமெல்லாம் அடி வாங்கித்தானே ஆளானோம்?" கீழே வரிசையாகக் கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் கூசியது. காலையில் அதை அழித்துவிட்டேன்.

கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். அப்பா படியேறி வரும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார், அடி எனக்கா அம்மாவுக்கா என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் தமிழச்சி என்பதால் நான் 'பாண்டி'. லீவுக்குக் கம்பத்தில் பாட்டி வீட்டுக்கு இறங்கினால் 'மலையாளத்துப் புள்ள'. குமுளி செக்போஸ்ட் தாண்டும்போது பஸ்ஸிலேயே பேச்சை மாற்றிக்கொள்வேன். மேலே சாயா, கீழே டீ. யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி.

ஆபீஸில் "எல்லார் மனசும் உனக்குப் புரியுதுப்பா" என்று பாராட்டுகிறார்கள். அது திறமை இல்லை, அந்தச் செருப்புச் சத்தம். என் மனசு என்ன என்று கேட்டால்தான் தெரியாது. ஹோட்டலில் "உங்களுக்கு என்னவோ அதே". கல்யாணப் புடவை நிறத்தைக்கூட அத்தை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆளானோம் என்கிறாரே சித்தப்பா, எந்த ஆள்?

1998-ல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அன்டா என்ற மருத்துவர்கள் சிறுவயதில் பட்ட கொடுமைகளை எண்ணிப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்வது ஒரு கணக்கு, வீட்டில் குடிகாரர் இருப்பது இன்னொரு கணக்கு. இப்படிக் கணக்கு கூடக்கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வு மட்டுமில்லை, இதயநோயும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், தப்ப முடியாமல் நெடுநாள் பட்ட கொடுமையால் வரும் பாதிப்புக்குத் தனிப் பெயரே இருக்கிறது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற தீராத நினைப்பும் அதன் அறிகுறிகளில் ஒன்று. மனநலக் கவுன்சிலர் இதைச் சொன்னபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாக அதை என் குணம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

கவுன்சிலரிடம் போனதே மகளால்தான். 5 வயதில் பாலைக் கொட்டிவிட்டு, பாலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளை அடித்ததே இல்லை. சத்தம் மட்டும்தான். (அந்த 'மட்டும்தான்' எவ்வளவு பெரிய பொய்.)

"அப்பாவை மன்னிச்சிரு, எல்லாம் சரியாயிரும்" என்பது சொந்தக்காரர்கள் தரும் கஷாயம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கவுன்சிலர் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் ஒரு விஷயம், யார் முகத்தையும் பார்க்காமல், 'எனக்கு இது வேணும்' என்று சொல்லச் சொன்னார். முதல் வாரம் ஒன்றுமே வாயில் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தது: சர்க்கரை போடாத கட்டன் சாயா. சிரிக்காதீங்க.

கவுன்சிலருக்கு வழியில்லாதவர்கள் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். எங்களைப் போன்ற இரண்டுங்கெட்டான்களுக்கு இது பெரிய வசதி.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ஒரு கை வராது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தாள். "அம்மா, விளக்குமாறு எங்க?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாதான் என் முகத்தைப் பார்த்தார்.